கழுவாத ரோல்

போன மாதம் நம் பள்ளிக்கூடத்துக் குழுவில் ஒரு படம் போட்டிருந்தேன். வாசலில் காயும் மிளகுக்குப் பக்கத்தில் என் மகள் உட்கார்ந்திருக்கும் படம். கேமராவில் பிலிம் ரோல் போட்டு எடுத்தது என்று கீழே எழுதியிருந்தேன். உடனே உங்களில் ஒருத்தி கேட்டாள்: "இன்னுமா ரோல் வாங்கிட்டிருக்க? கையில போன் இல்லையா?" இன்னொருவன் சிரிக்கிற பொம்மைகளாக அனுப்பினான். நான் பதில் எழுதவில்லை. அது போனில் தட்டிவிடக்கூடிய பதில் இல்லை.

நாற்பதை எட்டிவிட்டோம். காதோரம் நரைத்துவிட்டது. சொல்ல நினைப்பதை இனியும் தள்ளிப்போடக் கூடாது என்றுதான் இப்போது எழுதுகிறேன். நாம் ஏழாம் வகுப்பு படித்த வருஷம், மாசி மாதத்தில் என் தம்பி காணாமல் போனது உங்கள் எல்லோருக்கும் தெரியும். நீங்களும் தேடினீர்கள். உங்கள் அப்பாக்களும் அண்ணன்களும் ஓடை ஓடையாக இறங்கி ஏறினார்கள். ஆனால் மலைக்குக் கீழே நடந்த பாதி உங்களுக்குத் தெரியாது. அந்தப் பாதியில்தான் ரோல் இருக்கிறது.

தம்பிக்கு அப்போது ஆறு வயது. பிறந்த வருஷமே ஒரு காய்ச்சல் வந்து காது போய்விட்டது. காது போனதால் பேச்சும் வரவில்லை. ஊரில் அவனை எப்படிக் கூப்பிட்டார்கள் என்பது உங்களுக்கு நினைவிருக்கும், அதை இங்கே எழுத மாட்டேன். காது கேட்காத பையனுக்கு லாரி மேல் அவ்வளவு ஆசை எப்படி வந்தது என்று பெரியவர்களுக்கு ஆச்சரியம். எனக்கு இல்லை. எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும் லாரியின் முன்பக்கத் தகட்டில் இரண்டு உள்ளங்கைகளையும் வைப்பான். பிறகு கன்னத்தையும் வைத்துக் கண்ணை மூடிக்கொள்வான். அந்த அதிர்வு அவன் உடம்புக்குள் ஏறுவது முகத்திலேயே தெரியும். நமக்குப் பாட்டு எப்படியோ அவனுக்கு அது அப்படி.

மாசியில் குச்சிக்கிழங்கு வெட்டு மும்முரமாக நடக்கும். நம் மலையில், திருப்புலி நாட்டில் எந்தப் பக்கம் திரும்பினாலும் பிடுங்கிப் போட்ட கிழங்குக் குவியல், உடைந்த முனையில் வடியும் பால், ஈர மண் வாசனை. ஜவ்வரிசி ஆக்குகிற சேகோ பேக்டரிகளிலிருந்து லாரிகள் ஏறி வந்தபடியே இருக்கும். லோடு ஏற்றி, தார்ப்பாய் கட்டி, கொண்டை ஊசி வளைவுகளில் முனகிக்கொண்டே இறங்கிப் போகும்.

அன்று நான் பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது அம்மா கிழங்குக் காட்டிலிருந்து அப்போதுதான் ஏறி வந்திருந்தாள். கையெல்லாம் மண். என்னைப் பார்த்ததும், "தம்பி உங்கூட வரலியா கண்ணு?" என்றாள்.

"இல்லியேம்மா."

"உன்னத் தேடிட்டுத்தான் பள்ளிக்கொடத்துப் பக்கம் போனான்னு நெனச்சேன்."

அவ்வளவுதான் பேச்சு. அம்மாவின் முகம் மாறியதை நான் பார்த்தேன். கையைக் கழுவாமலே ஓடினாள்.

இருட்டும்வரை ஊரே தேடியது. ஓடையில், கிணற்றில், பலாமரங்களுக்கு அடியில், மிளகுக் கொடி படர்ந்த தோட்டங்களுக்குள். எல்லோரும் அவன் பெயரைச் சொல்லிக் கத்தினார்கள். மலை அந்தப் பெயரைத் திருப்பித் திருப்பிச் சொன்னது. காது கேட்காத பையனைக் கூப்பிட்டு என்ன பயன் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. தோன்றியிருந்தாலும் வாயை மூடிக்கொண்டு தேட யாரால் முடியும்?

நான் பெரியப்பாவின் கையைப் பிடித்து இழுத்துச் சொன்னேன்: "கிளி லாரியப் பாருங்க பெரியப்பா. கிளி படம் போட்டிருக்குமே, பச்ச லாரி. தம்பி அதத்தான் தேடிட்டுப் போவான்."

"நம்மூர்ல லோடு ஏத்தின ரெண்டு வண்டியும் பாத்தாச்சு கண்ணு. ரெண்டுலயும் இல்ல. நீ ஊட்டுக்குப் போ சாமி."

அவர் பார்த்தது எங்கள் ஊரில் லோடு ஏற்றிய வண்டிகளை. நான் சொன்னது பள்ளிக்கூடத்துக்கு முன்னால், மெயின் ரோட்டில் போகிற வண்டியை. பன்னிரண்டு வயதுப் பெண் சொன்னதை நின்று கேட்க அன்று யாருக்கும் பொறுமை இல்லை. அவர்களைக் குறை சொல்லவில்லை. கிணற்றுக்குள் பாதாளக்கரண்டி போட்டுத் துழாவிக்கொண்டிருந்தவர்கள் அவர்கள்.

மறுநாள் அப்பாவும் பெரியப்பாவும் மலையிறங்கி அடிவாரத்து டவுன் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனார்கள். மாலையில் வெறுங்கையோடு வந்தார்கள். அப்பா வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"படம் இருக்குதான்னு கேக்கறாங்க," என்றார். "படமில்லாம மத்த ஸ்டேசனுக்கு என்னன்னு சொல்றதுங்கறாங்க. ஆறு வயசு, கறுப்பு, காக்கி டவுசருன்னா மலையில பாதிப் பையங்க அப்படித்தான இருக்கறாங்க? பேரு கேட்டாச் சொல்ல மாட்டான். ஊரு கேட்டாச் சொல்ல மாட்டான்."

எங்கள் வீட்டில் படம் என்றால் சுவரில் ஒன்றே ஒன்றுதான், அப்பா அம்மா கல்யாணப் படம். அம்மா அதை நிமிர்ந்து பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். பெற்ற பிள்ளையை ஒரு படம்கூட எடுத்து வைக்கவில்லையே என்று அந்த நேரத்தில் அவள் தன்னையே திட்டிக்கொண்டிருப்பாள்.

எனக்கு அப்போதுதான் அந்த 'டிக்' சத்தம் ஞாபகம் வந்தது.

குடியரசு தினத்தன்று கொடியேற்றியதைப் படம் எடுக்கச் சொல்லி ஹெட்மாஸ்டர் நம் டீச்சரிடம் சொன்னார் அல்லவா? தெற்கே கடலோரத்திலிருந்து மாற்றலாகி வந்த டீச்சர். வெளிநாட்டிலிருக்கும் அண்ணன் கொடுத்தது என்று ஒரு கறுப்புக் கேமரா வைத்திருந்தார். கொடி ஏற்றி மிட்டாய் கொடுத்து முடித்த பிறகு, கேட்டுக்கு வெளியே கிளி லாரி வந்து நின்றது. எஞ்சின் சூட்டுக்குத் தண்ணீர் ஊற்ற அது வழக்கமாக நம் பள்ளிக்கூடக் குழாயடியில்தான் நிற்கும். தம்பி ஓடிப்போய் அதன் கதவில் கையை வைத்துக்கொண்டு நின்றான். டீச்சர் அதைப் பார்த்துச் சிரித்தார். கேமராவைத் தூக்கினார். டிக்.

"டீச்சர் தம்பியப் படம் எடுத்தாங்கப்பா," என்றேன்.

அப்பா எழுந்துவிட்டார்.

டீச்சர் பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் இருந்த ஓட்டு வீட்டில் தனியாக இருந்தார். தை மாதத் தொடக்கத்தில் தந்தி வந்து ஊருக்குப் போனார். ஒரு வாரம் கழித்து வந்தார். கேட்டவர்களிடம், "வீட்டுல கொஞ்சம் வேல இருந்துச்சு" என்று மட்டும் சொன்னார். அதன் பிறகு அவர் நமக்குப் பாட்டுச் சொல்லித்தரவில்லை. நாமும் ஏன் என்று கேட்கவில்லை.

பொழுது சாயும் நேரத்தில் அவர் வாசலில் ஒரு கூட்டமே போய் நின்றது. அப்பா விஷயத்தைச் சொன்னார். டீச்சர் உள்ளே போய்க் கேமராவை எடுத்து வந்தார்.

"எடுத்தது ஞாபகம் இருக்குங்க. ஆனா ரோல் இன்னும் முடியல. படம் விழுந்துச்சா இல்லியான்னு இப்பச் சொல்ல முடியாது."

"அதென்னங்க தெரியாது? தொறந்து பாத்தாத் தெரிஞ்சுட்டுப் போகுது," என்று பெரியப்பா அவர் கையிலிருந்து கேமராவை வாங்கினார். பின்பக்க மூடியில் கட்டைவிரல் நகத்தைக் கொடுத்து நெம்பப் போனார்.

"தொறக்காதீங்க!"

டீச்சர் அப்படிக் கத்தி நாம் கேட்டதே இல்லை. பாய்ந்து கேமராவைப் பிடுங்கினார். பெரியப்பாவின் விரலில் நகம் கீறி ரத்தம் துளிர்த்தது. கூட்டம் அப்படியே நின்றது.

"வெளிச்சம் பட்டா எல்லாம் போயிரும்," என்றார் டீச்சர். மூச்சு வாங்கியது. "ஒரு படம்கூட மிஞ்சாது."

"அப்ப ரோலக் குடுங்க. காத்தால மொத பஸ்ஸுக்குக் கொண்டு போறோம்," என்றார் பெரியப்பா.

டீச்சர் மூடியைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டே நின்றார். கூட்டத்தில் ஒரு அக்கா, "புதுசா ஒரு பொருள் வெச்சிருந்தா குடுக்க மனசு வருமா," என்று பக்கத்திலிருந்தவளிடம் சொன்னது எல்லோருக்கும் கேட்டது. டீச்சருக்கும் கேட்டிருக்கும்.

அப்பா முன்னால் வந்தார். "டீச்சருங்க, உங்களுக்குப் படம் பெருசா, எம்பையன் பெருசா?"

டீச்சர் நிமிர்ந்து அவரைப் பார்த்தார். "நானும் கூட வர்றேன். இந்தப் பிள்ளையும் வரட்டும், இவதான் கூட நின்னு பாத்தா. ஆனா இத யார் கையிலயும் குடுத்தனுப்ப மாட்டேன்."

நம்மை நம்பவில்லை பார், என்று திரும்பி வரும்போது வழியெல்லாம் பேச்சு.

மறுநாள் முதல் பஸ். அம்மா வரவில்லை. "அவன் தானாத் திரும்பி வந்துட்டா ஊட்டுல ஆளிருக்கோணும்," என்று வாசற்படியிலேயே இருந்துகொண்டாள். அடுப்பு மூட்டாமல் மூன்றாம் நாள் அது. பஸ் கண்ணாடியில் பனி வழிந்தது. அப்பா முன் இருக்கையில் உட்கார்ந்து ஒரு முறைகூடத் திரும்பவில்லை. டீச்சர் கேமராவை மடியில் வைத்து முந்தானையால் சுற்றியிருந்தார். ஒவ்வொரு வளைவிலும் அதைக் கையால் அழுத்திக்கொண்டார். எனக்கு அவர்மேல் கோபமாக இருந்தது. ஊரே பேசியதை நானும் நம்பியிருந்தேன்.

கீழே இறங்கினால் டவுன் வெறிச்சோடிக் கிடந்தது. ஏதோ ஒரு கட்சிக்காரரைக் கைது செய்ததற்காக அன்று பந்த். கடைகள் அடைப்பு. எங்கள் பஸ்ஸோடு வண்டிகள் நின்றுவிட்டன. ஸ்டேஷனில் பாதிப்பேர் ரோட்டுக்குப் போயிருந்தார்கள். இருந்தவர், "படத்தைக் கொண்டாங்க, உடனே மத்த ஸ்டேஷனுக்குச் சொல்றேன்," என்றார்.

கடைவீதியில் ஒரே ஒரு ஸ்டுடியோ. அதை நடத்தியவரை எல்லோரும் பாய் என்பார்கள். வீடும் ஸ்டுடியோவுக்குப் பின்னாலேயே. ஷட்டரைத் தட்டியதும் பாதி தூக்கி எட்டிப் பார்த்தார். விஷயம் கேட்டதும் குனியவைத்து எங்களை உள்ளே இழுத்துவிட்டு மறுபடி ஷட்டரை இறக்கினார்.

கேமராவைப் பார்த்துத் தயங்கினார். "கலர் ரோலுங்களா? கலர் நான் கழுவறதில்லீங்க, சேலத்துக்குத்தான் அனுப்பறது. இன்னைக்கு பஸ் இல்ல. நாளைக்கு ஞாயித்துக்கெழம, லேப் லீவு. திங்கக்கெழம அனுப்பினா செவ்வாக்கெழம வருமுங்க."

அப்பா ஸ்டூலில் உட்கார்ந்தார். "அது வரைக்கும் பையன் ரோட்டுல கெடப்பானுங்களா? வேற வழியே இல்லீங்களா பாய்?"

பாய் தாடியைத் தடவிக்கொண்டார். "கறுப்பு வெள்ளை மருந்து இருக்குதுங்க. அதுல போட்டுப் பாக்கலாம். உருவம் வந்தாலும் வரும். ஒருக்கா நான் போட்டுப் பாத்தப்போ பாதி வந்துச்சு, பாதி பொகையாட்டம் போயிருச்சு. ஆனா ஒண்ணு டீச்சரம்மா, அதுல போட்டா கலர் போச்சு. அப்புறம் சேலத்துக்கே கொண்டு போனாலும் திரும்ப வராது. மொத்த ரோலுக்கும் அப்படித்தானுங்க."

டீச்சர் மெதுவாகக் கேட்டார்: "முன்பாதிய வெட்டி வச்சுட்டு, பின்பாதிய மட்டும் கழுவ முடியுமா?"

"முடியுமுங்க. ஆனா இருட்டுல கையத் தடவித்தான் வெட்டோணும். எங்க எது இருக்குதுன்னு தெரியாது. கத்தரி பையன் மூஞ்சி மேலயே விழுந்தாலும் விழும்."

அப்பா அப்போது டீச்சரைப் பார்த்த பார்வை எனக்கு இன்னும் மறக்கவில்லை. அதில் கோபம்கூட இல்லை, வெறுப்பு இருந்தது. டீச்சர் அதைப் பார்க்காதவர்போலக் கேமராவின் மேலிருந்த சின்னக் கைப்பிடியைச் சுற்ற ஆரம்பித்தார். கறகறவென்று சுற்றி, ஒரு இடத்தில் பிடிவிட்டு லேசானது. மூடியைத் திறந்து ரோலை எடுத்தார். கட்டைவிரல் அளவு. உள்ளங்கையில் வைத்து மூடிக்கொண்டார். வெளியே ஒரு கூட்டம் கத்திக்கொண்டே போனது. ஷட்டர்கள்மீது கம்பை இழுத்துக்கொண்டே போனார்கள். எங்கள் ஷட்டரும் தடதடத்தது. டீச்சர் கையைத் திறந்து ரோலை மேஜைமேல் வைத்தார்.

"வெட்ட வேண்டாம் பாய். முழுசாப் போடுங்க."

பாய் உள் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். தண்ணீர் ஊற்றும் சத்தம், எதையோ குலுக்கும் சத்தம். பாயின் வீட்டுக்கார அம்மா டீ கொண்டுவந்து வைத்தார். யாரும் தொடவில்லை. ஆடை படிந்துகொண்டே வந்தது. அந்த நேரம் முழுவதும் தம்பி அந்த அறைக்குள் இருப்பதுபோலவும், கதவைத் திறக்கும்போது உயிரோடு வருவானா மாட்டானா என்பதுபோலவும் எனக்கு இருந்தது. ரோலைக் கழுவக் கொடுத்துவிட்டுக் காத்திருக்கும்போதெல்லாம் எனக்கு இப்போதும் கொஞ்சம் அப்படித்தான் இருக்கும்.

கதவு திறந்தது. பாய் கையில் ஈரம் சொட்டும் நீளமான பட்டை. டியூப்லைட்டுக்கு நேரே தூக்கிப் பிடித்தார். செம்பழுப்பாக, மங்கலாக இருந்தது. "வந்திருக்குதுங்க," என்றார். அவருக்கே நம்பமுடியவில்லை. "தெளிவில்ல, ஆனா வந்திருக்குது. முன்னாடி ஒரு பெரியவர் கட்டில்ல உக்காந்திருக்காரு, அடுத்ததும் அவருதான், அதுக்கடுத்து..."

"அது இருக்கட்டும் பாய்," என்றார் டீச்சர் அவசரமாக. "கொடிக்கம்பம் எங்க வருதுன்னு பாருங்க."

பாய் என்னைக் கூப்பிட்டார். "நீ பாரு கண்ணு. இதுல எல்லாமே தலகீழா இருக்கும். கறுப்பு வெள்ளையா, வெள்ளை கறுப்பா. உன் தம்பி எங்கன்னு சொல்லு."

நெகட்டிவை அன்றுதான் முதல் முறை பார்த்தேன். நீங்களெல்லாம் வரிசையில் நிற்கிறீர்கள், வெள்ளை முடியும் கறுப்புப் பல்லுமாகப் பேய்கள்போல. கடைசியில் ஒரு கட்டத்தில் பெரிய கட்டடம்போல ஏதோ, அதன்மேல் விரித்த ஒரு சின்னக் கை.

"இதாங்க. அவன் கை."

உள்ளே சிவப்பு விளக்கு எரிந்தது. நெகட்டிவின் பழுப்பு நிறத்துக்கு வழக்கத்தைவிட நெடுநேரம் வெளிச்சம் காட்ட வேண்டும் என்று பாய் சொன்னார். முதல் தாளில் ஒன்றுமே வரவில்லை. இரண்டாவது கரியாகிவிட்டது. மூன்றாவதைத் தட்டில் போட்டு ஆட்டினார். நாங்கள் மூவரும் தட்டின்மேல் குனிந்திருந்தோம். வெள்ளைத் தாளில் முதலில் தெரிந்தது தம்பி இல்லை, லாரி. கிளிகள், கதவு, சக்கரம். பிறகு சட்டை, டவுசர், கை. முகம் வரும் வரும் என்று பார்த்தோம். முகம் வர வேண்டிய இடத்தில் ஒரு தேய்ப்புதான் இருந்தது. டிக் என்ற அந்த நொடியில் அவன் தலையைத் திருப்பியிருக்கிறான்.

அப்பா தட்டிலிருந்து நிமிர்ந்தார். "மூஞ்சி எங்கீங்க? மூஞ்சியே இல்லியே. இத வெச்சு யாரு கண்டுபுடிப்பா?" சுவரில் தலையைச் சாய்த்துக்கொண்டார். பாய் தாளைத் தண்ணீர்த் தட்டுக்கு மாற்றினார்.

டீச்சர் மட்டும் குனிந்தபடியே இருந்தார். "லாரியப் பாருங்க," என்றார். "பாய், லென்ஸ் இருக்கா?"

கண்ணாடி வைத்துப் பார்த்தார்கள். லாரிக் கதவில் எழுத்து. ஓனர் பேர் தம்பியின் தலைக்குப் பின்னால் மறைந்துவிட்டது. அதற்குக் கீழே ஊர்ப்பேர் முழுசாக இருந்தது. முள்ளுக்குறிச்சி.

"கிளி லாரி!" என்று கத்தினேன். "நான் சொன்ன லாரிப்பா. அன்னைக்கே சொன்னேனே!"

அப்பா திரும்பினார். "எப்பச் சொன்ன?"

"மொத நாளே. பெரியப்பாகிட்ட."

அவர் என்னை உற்றுப் பார்த்தார். பிறகு டீச்சரைப் பார்த்தார்.

இந்த இடத்தில் ஒன்று சொல்லிவிடுகிறேன். இன்றைக்கு என்றால் டீச்சர் போனில் எடுத்திருப்பார். உடனே பார்த்திருப்பார். முகம் கலங்கிவிட்டதே என்று அதை அழித்துவிட்டு, "தம்பி, இங்க பாரு" என்று கையாட்டி இன்னொன்று எடுத்திருப்பார். அதற்குள் லாரி போயிருக்கும். எனக்கும் போனில் படம் எடுக்கத் தெரியும். ஆனால் சரியாக வரவில்லை என்று நாம் தூக்கி எறிகிற படத்தில் என்ன இருக்கிறது என்று நமக்கு எப்படித் தெரியும்?

ஸ்டேஷனில் சொன்னோம். அங்கிருந்த போலீஸ்காரர் முள்ளுக்குறிச்சிப் பக்கம் போன் போட்டுப் பார்த்தார், லைன் கிடைக்கவில்லை. பாய் தன் ஸ்கூட்டரை வெளியே தள்ளினார். "ஏறுங்க, நான் கூட்டிட்டுப் போறேன்." அவருடைய வீட்டுக்கார அம்மா தடுக்கப் பார்த்தார், பந்த் அன்றைக்கு எப்படிப் போவது என்று. "புள்ளையத் தொலச்சுட்டு நிக்கற மனுசன் வேற எங்க போவாரு?" என்றார் பாய். நான் முன்னால் நின்றுகொண்டேன், அப்பா பின்னால். டீச்சர் அங்கேயே இருந்துகொண்டார், காயப்போட்ட நெகட்டிவோடு.

வழியில் ஓரிடத்தில் ரோட்டை மறித்துக் கல் அடுக்கியிருந்தார்கள். கம்போடு நாலைந்து இளைஞர்கள் எங்களைச் சூழ்ந்துகொண்டார்கள். "பந்த்னு தெரியாதா? எறங்குங்கடா கீழ," என்று ஒருவன் சாவியைப் பிடுங்க வந்தான். அப்பா இறங்கி, சட்டைக்குள் வைத்திருந்த ஈரப் படத்தை எடுத்துக் காட்டினார். நான்தான் சொன்னேன்: "எந்தம்பிங்க. காணமுங்க. இந்த லாரியத் தேடிட்டுப் போறமுங்க." அவன் படத்தை வாங்கிப் பார்த்தான். ரொம்ப நேரம் பார்த்தான். அப்புறம் கம்பைக் கீழே போட்டுவிட்டு அவனே கற்களை நகர்த்தினான்.

முள்ளுக்குறிச்சி சேகோ பேக்டரியை மூக்கே காட்டிவிட்டது. புளித்த மாவு வாசனை. பந்த் என்பதால் மில் ஓடவில்லை. உள்ளே வரிசையாக லாரிகள் நின்றன. மூன்றாவது வண்டியில் கிளிகள்.

அதன் நிழலில் படுத்திருந்த டிரைவர் எங்களைப் பார்த்ததும் எழுந்தார். அப்பா படத்தை நீட்டிக் கேட்டார். அவர் சரியாகப் பார்க்கக்கூட இல்லை. "பையனா? எங்க வண்டியில யாரும் ஏறலீங்க." கண் எங்கோ ஓடியது. "வேற வண்டியப் பாருங்க."

அப்பா நீட்டிய படத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டார். அவ்வளவு தூரம் வந்து அதோடு முடிந்துவிட்டது என்றுதான் நானும் நினைத்தேன். கிழங்குத் தோல் குவியலுக்கு அந்தப் பக்கம் தொழிலாளிகள் குடியிருக்கும் வரிசை வீடுகள். அங்கிருந்து ஒரு பெண் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள். அப்பாவின் கையிலிருந்த படத்தை எட்டிப் பார்த்தாள். டிரைவர் அவளைப் பார்த்துக் கண்ணைக் காட்டினார். அவள் சட்டை செய்யவில்லை.

"ஏனுங்க, காது கேக்காத பையனுங்களா?" என்றாள்.

அப்பா தலையை மட்டும் ஆட்டினார்.

"எங்கிட்டத்தான் இருக்கறானுங்க. நல்லாத்தான் இருக்கறான். சோறு திங்க வெச்சிருக்கறேன்."

அப்பா டிரைவரின் சட்டையைப் பிடித்துவிட்டார். ஓங்கிய கையைப் பாய் பிடித்துக்கொண்டார். டிரைவர் கும்பிட்டார். "அடிக்காதீங்க அண்ணா. பள்ளிக்கொடத்துக்கிட்ட தண்ணி ஊத்த நிறுத்தினப்ப ஏறிட்டான் போலிருக்குது. கெழங்கு மேலயே தூங்கிட்டான். இங்க வந்து தார்ப்பாய அவுத்தப்பத்தான் பாத்தேன். போலீசுக்குப் போனா புள்ள புடிக்கறவன்னு என்னய ஒதைப்பாங்கன்னு பயமுங்க. அடுத்த லோடுக்கு மேல வாரப்ப அங்கயே எறக்கி உட்டுரலாம்னு இருந்தேன். அதுக்குள்ள பந்த் வந்துருச்சு."

அவர் சொன்னது உண்மைதான் என்று இப்போது எனக்குத் தெரிகிறது. அன்று அப்பாவுக்கு அது ஏறவில்லை. அவர் என்ன செய்திருப்பாரோ, அதற்குள் தம்பி வந்துவிட்டான். யாருடையதோ பெரிய சட்டை போட்டுக்கொண்டு, வாயோரம் சோற்றுப் பருக்கையோடு. என்னைப் பார்த்ததும் சிரித்து ஓடி வந்து என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டுபோய் அந்த லாரியின் முன்தகட்டில் வைத்தான். எஞ்சின் ஓடவில்லை. ஏன் ஓடவில்லை என்று கையாலேயே கேட்டான். அப்பா மண்ணில் உட்கார்ந்து அழுதார். அவர் அழுது அதற்கு முன்பும் பின்பும் நான் பார்த்ததில்லை.

சாயங்காலம் பந்த் முடிந்து பஸ் ஓடியது. நாங்கள் மலையேறியபோது அம்மா பஸ் நிற்கும் இடத்தில் நின்றிருந்தாள். தம்பியைத் தூக்கி உச்சியை மோந்தாள். "மாவு நாத்தம்," என்றாள். அதையே திரும்பத் திரும்பச் சொன்னாள்.

அந்தப் படத்தை அம்மா சட்டம் போட்டுக் கல்யாணப் படத்துக்குப் பக்கத்தில் மாட்டினாள். மறுவருஷம் பாய் ஸ்டுடியோவிலேயே தம்பியை நிறுத்தித் தெளிவாக ஒரு படம் எடுத்தோம். முகத்துக்குப் பவுடர் போட்டு, அசையாமல். அதில் அவன் யாரோபோல இருந்தான். வீட்டுக்கு வருகிறவர்கள் தேய்ந்த படத்தைக் காட்டி, "இதுல மூஞ்சியே தெரியலியே" என்பார்கள். "நின்னாத்தான தெரியும்," என்பாள் அம்மா. இப்போது அவன் நாமக்கல்லில் லாரிக்குக் கூண்டு கட்டும் பட்டறையில் வேலை செய்கிறான்.

தம்பி வந்த மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. அம்மா ஒரு சீப்பு மலைவாழைப்பழம் எடுத்துக்கொண்டு என்னையும் கூட்டிக்கொண்டு டீச்சர் வீட்டுக்குப் போனாள். கதவு திறந்திருந்தது. டீச்சர் ஜன்னலோரம் நின்று, வெளிச்சத்துக்கு நேரே நெகட்டிவைத் தூக்கிப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். எங்களைக் கவனிக்கவில்லை.

"டீச்சருங்க," என்றாள் அம்மா.

அவர் திடுக்கிட்டுத் திரும்பினார். கண் சிவந்திருந்தது. அம்மா பழத்தைக் கீழே வைத்தாள். நன்றி சொல்ல வந்தவள், அதை விட்டுவிட்டு, "யாருங்க அது?" என்றாள்.

"எங்கப்பா." கொஞ்சம் பொறுத்துச் சொன்னார்: "கிறிஸ்துமஸுக்குப் போனப்ப எடுத்தது. தை பொறக்கும்போது போயிட்டாங்க. அதுக்கப்புறம் ரோலை முடிக்க மனசு வரல. முடிச்சா கழுவணும். கழுவிட்டா அப்புறம் அவங்களோட நான் பாக்காத படம்னு ஒண்ணும் மிச்சம் இருக்காதே."

முந்தாநாள் அதே வாசலில் கூடியிருந்தவர்கள் பேசியதெல்லாம் அம்மா காதுக்கும் வந்திருந்தது. அவளும் அதை நம்பித்தான் இருந்தாள்.

"கலர்ல வந்திருக்க வேண்டியதுங்களே," என்றாள் மெதுவாக.

"ஆமா. மொதச் சம்பளத்துல நான் வாங்கிக் குடுத்த நீலச் சட்டையப் போட்டிருந்தாங்க. பரவாயில்ல. நீலம்னு எனக்குத் தெரியுமே." டீச்சர் முகத்தைத் துடைத்துக்கொண்டு லேசாகச் சிரித்தார். "இங்க வந்து பாருங்களேன். அப்பாவுக்குத் தல பூராவும் நரை. இதுல எல்லாம் மாறித் தெரியுதுல்ல? முடியெல்லாம் கறுகறுன்னு இருக்கு. எங்கம்மாவக் கட்டிக்கிட்டப்ப இப்படித்தான் இருந்திருப்பாங்க."

அம்மா ஜன்னலருகே போனாள். காய்ந்த பட்டை சுருண்டு சுருண்டு போனது. ஒரு முனையை டீச்சர் பிடித்திருந்தார். மறுமுனையை அம்மா, கிழங்குப் பால் கறை போகாத இரண்டு விரலால், ஓரமாகப் பிடித்து நீட்டினாள்.

"சொல்லுங்க," என்றாள். "மொதல்ல இருந்து சொல்லுங்க. இதுல என்ன பண்ணிட்டிருக்கறாரு?"